மாணவர்கள் தாங்களாக முன்வர என்ன செய்யலாம்?

"கெட்டிக்காரப் பையன்தான். சொன்னால் அழகாகச் செய்கிறான். ஆனால் சொன்னால்தான் செய்கிறான்." பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பெற்றோரும் தலையாட்டுவார்கள், வீட்டிலும் அதே கதைதான். பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்து பையனைத் திரும்பிப் பார்த்து, "நீயாகக் கொஞ்சம் முன்வந்து செய்யக் கூடாதா?" என்று கேட்கும். அவனும் சரி என்பான். அடுத்த வாரமும் எல்லாம் பழையபடியே இருக்கும்.

சோம்பேறி என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் அந்த அறிவுரையை அவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். எதில் முன்வர வேண்டும்? கேட்காமல் எவ்வளவு தூரம் போகலாம்? தப்பாகிவிட்டால் திட்டு யாருக்கு? எதற்குமே அதில் பதில் இல்லை. முன்முயற்சி என்பது பிறவிக் குணம், சிலரிடம் இருக்கும், சிலரிடம் இருக்காது என்று பேசிப் பழகிவிட்டோம். பெரும்பாலும் அது ஒரு கணக்கு. இதைச் செய்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று பிள்ளை மனதுக்குள் போட்டுப் பார்க்கும் கணக்கு. அதில் பாதி எண்களை எழுதுவது பெரியவர்களாகிய நாம்தான். அந்தப் பாதியை எப்படி மாற்றி எழுதுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எதை முன்முயற்சி என்கிறோம்?

ஒரு சாதாரண சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம். காய்ச்சலால் மூன்று நாள் வராமல் இருந்த ஒரு மாணவி வகுப்புக்குத் திரும்புகிறாள். அவள் பேசாமல் தன் இடத்தில் உட்கார்ந்து, பாதியில் புரியாத பாடத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நோட்டில் நான்கு பக்கம் வெள்ளையாகக் கிடப்பது தேர்வு நெருங்கும்போதுதான் உறைக்கும். இல்லையென்றால் ஆசிரியரிடம் போய், "மூணு நாள் லீவு மிஸ், நான் என்ன செய்யணும்?" என்று கேட்கலாம். அதுவும் இல்லையென்றால், பக்கத்தில் இருப்பவளின் நோட்டை வாங்கி எழுதி, புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, "மிஸ், புதன்கிழமை நடத்தினதுல இந்தப் படம் மட்டும் புரியல. எப்ப வந்து கேட்கலாம்?" என்று கேட்கலாம்.

மூன்றாவதுதான் முழுமையான முன்முயற்சி. தனக்கு என்ன குறைகிறது என்று அவளே கவனித்தாள், யாரும் சொல்லாமல் ஒரு வேலையைத் தொடங்கினாள், தன்னால் முடியாத இடத்தை மட்டும் பிரித்து உதவி கேட்டாள். ஆனால் இரண்டாவதை அலட்சியம் செய்ய வேண்டாம். எழுந்து போய்க் கேட்டதே பாதி வேலை. அந்தப் பாதியைப் பார்த்து "எல்லாத்தையும் நான்தான் சொல்லணுமா?" என்று எரிந்து விழுந்தால் அடுத்த முறை அவள் முதல் வகைக்குப் போய்விடுவாள்.

கல்வி ஆய்வாளர்கள் வெகுகாலம் மாணவரின் ஈடுபாட்டை மூன்று கோணங்களில் அளந்து வந்தார்கள்: நடத்தை, உணர்வு, சிந்தனை. ஒழுங்காக வேலை செய்கிறாரா, விரும்பிச் செய்கிறாரா, யோசித்துச் செய்கிறாரா என்று பார்ப்பார்கள். 2011-இல் ஜான்மார்ஷல் ரீவ், சிங்-மெய் செங் என்ற இருவர் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பாடம் நடக்கும் போக்கிலேயே மாணவர் தன் பங்குக்கு ஏதாவது சேர்க்கிறாரா? கேள்வி கேட்கிறாரா, தனக்கு எது பிடிக்கும், எது தேவை என்று சொல்கிறாரா, "இதை இப்படிச் செய்து பார்க்கலாமா" என்கிறாரா? முதல் மூன்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கும் ஒரு மாணவர் இந்த நான்காவதில் வெறும் பூஜ்யமாக இருக்க முடியும். சொன்னதைச் செய்யும் கெட்டிக்காரப் பையன் மாட்டிக்கொண்டிருப்பது அங்கேதான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முன்முயற்சிக்கும் கலகலப்புக்கும் சம்பந்தமில்லை. எல்லாக் கேள்விக்கும் கை தூக்குகிறவர், மேடையில் பேசுகிறவர், வகுப்புத் தலைவராக நிற்கிறவர் ஆகியோரை மட்டும் முன்முயற்சி உள்ளவர் என்று எண்ணினால் வகுப்பில் பாதிப் பேரைக் கணக்கில் விட்டுவிடுவோம். கூச்ச சுபாவமுள்ள பெண் ஒருத்தி, தான் செய்த கணக்கில் விடை பொருந்தவில்லை என்று வேறு வழியில் மறுபடி போட்டுப் பார்க்கிறாள்; யாருக்கும் அது தெரியாது. அதுவும் முன்முயற்சிதான். அவளை எழுப்பி எல்லோர் முன்னாலும் பேச வைப்பது வேறு பயிற்சி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

ஏன் முன்வருவதில்லை?

மூன்று வயதுக் குழந்தைக்கு முன்முயற்சியை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. "நானே, நானே" என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கும். உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-இல் மனித வளர்ச்சியை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தபோது, ஏறத்தாழ மூன்று முதல் ஆறு வயது வரையான கட்டத்துக்கு வைத்த பெயரே முன்முயற்சிக்கும் குற்றவுணர்வுக்கும் இடையிலான இழுபறி என்பதுதான். குழந்தை தானாக ஒன்றைத் தொடங்குகிறது. அதற்கு வரவேற்பு இருந்தால் அடுத்ததையும் தொடங்கும். அதட்டலும் கேலியும்தான் கிடைக்கிறது என்றால் ஆசைப்பட்டதே தப்போ என்று பின்வாங்கும்.

பள்ளிக்கு வந்த பிறகு இந்த அதட்டலுக்குத் தனி அகராதியே உண்டு. முந்திரிக்கொட்டை. அதிகப்பிரசங்கி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். உன் வேலையைப் பார். பெரிய இவன் வந்துட்டான். இதில் பாதியை ஆசிரியர்கள் சொல்வார்கள், மீதியைச் சக மாணவர்கள் சொல்வார்கள். பதின்ம வயதில் சக மாணவர்கள் சொல்வதுதான் அதிகம் வலிக்கும். கேள்வி கேட்டால் "சீன் போடுறான்" என்று பின்வரிசையில் இருந்து வரும் ஒரு முணுமுணுப்பு போதும். அந்த வருடம் முழுக்க அவன் வாயைத் திறக்க மாட்டான். கணக்கு அவனுக்கு மிகத் தெளிவு: முன்வந்தால் பெயர் கெடும், பேசாமல் இருந்தால் எதுவும் ஆகாது.

இரண்டாவது காரணம் அவ்வளவாகக் கண்ணில் படாது. முன்வருவதற்கு இடமே இருக்காது. ஒரு செயல்திட்ட வேலையைப் பாருங்கள். தலைப்பு ஆசிரியர் தருவார். எத்தனை பக்கம், என்னென்ன உட்தலைப்பு, எந்தப் படம் எங்கே ஒட்ட வேண்டும், அட்டை என்ன நிறம், எல்லாம் அவரே சொல்லிவிடுவார். பிள்ளைக்கு மிச்சம் இருப்பது ஒட்டுவது மட்டும்தான். அப்புறம் "சொந்தமாக எதுவும் யோசிக்கவில்லையே" என்று குறைப்படுவோம். யோசிப்பதற்கு என்று எதையும் நாம் மிச்சம் வைக்கவில்லை. நல்ல மனதோடு, பிள்ளைகள் திணறக் கூடாதே என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்த்து வைக்கும் ஆசிரியரின் வகுப்பில்தான் இது அதிகம் நடக்கும் என்பது இதில் ஒரு வேடிக்கை.

மூன்றாவது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை இல்லாமை. ஆல்பர்ட் பந்தூரா 1977-இல் இதை விரிவாக எழுதினார். அந்த நம்பிக்கை நான்கு இடங்களிலிருந்து வருகிறது என்பது அவர் கருத்து: தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் ஜெயிப்பதைப் பார்ப்பது, "உன்னால் முடியும்" என்று பிறர் சொல்வது, அந்த நேரத்தில் உடம்பும் மனதும் இருக்கும் நிலை. இவற்றில் மிக வலுவானது முதலாவது. நாம் அதிகம் செலவு செய்வதோ மூன்றாவதில். ஊக்கமூட்டும் பேச்சு கேட்டுக் கைதட்டிவிட்டு வந்த பிள்ளை, சின்னதாக ஒன்றையாவது தானே செய்து முடித்திருக்காவிட்டால், அந்தச் சூடு இரண்டு நாளில் ஆறிவிடும்.

எதைக் கேட்காமல் செய்யலாம் என்று சொல்லிவிடுங்கள்

இனி செய்ய வேண்டியவை. என்னைக் கேட்டால் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் இதற்கு ஒரு வகுப்பு நேரம்கூட ஆகாது.

வகுப்பில் நடக்கும் வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். கேட்காமலே செய்யலாம் என்பவை ஒரு பக்கம்: கரும்பலகையைத் துடைப்பது, கொடுத்த வேலை முடிந்துவிட்டால் அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துப் படிப்பது, பக்கத்தில் இருப்பவரிடம் சந்தேகம் கேட்பது, வராதவருக்காக நோட்டு எடுத்து வைப்பது. சொல்லிவிட்டுச் செய்யலாம் என்பவை அடுத்து: இடம் மாறி உட்காருவது, கொடுத்த தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது, கட்டுரைக்குப் பதில் வரைபடமாகத் தருவது. இதற்கு அனுமதி தேவையில்லை, தகவல் சொன்னால் போதும். கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பவை கடைசி: ஆய்வகத்தில் ரசாயனங்களைத் தொடுவது, மின்சாரச் சாமான்கள், பணம் வசூலிப்பது, அடுத்தவர் பொருள், வகுப்பை விட்டு வெளியே போவது.

இதைப் பிள்ளைகளோடு பேசியே பட்டியலிடுங்கள். எதை எந்தப் பக்கம் போடுவது என்று அவர்கள் சண்டை போடுவார்கள், போடட்டும். "ஜன்னலைத் திறக்கறதுக்கு ஏன் கேட்கணும்?" என்று ஒருவன் கேட்பான். நியாயமான கேள்விதான். பல விதிகளுக்குக் காரணமே இருக்காது. பழக்கம் மட்டும்தான் இருக்கும். அப்படிப்பட்டதை அங்கேயே முதல் பக்கத்துக்கு மாற்றிவிடலாம்.

இந்தப் பட்டியல் ஒட்டிய வகுப்பில் "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டு வருகிறவரிடம் "அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டால் போதும். எல்லை தெரியாத பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் எல்லைக்கு மிக முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். எல்லை எங்கே என்று காட்டினால் அதுவரை வருவார்கள்.

மூன்று வினாடி

மேரி பட் ரோவ் என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் ஆசிரியர்கள் கேள்வி கேட்கும் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஒரு சின்ன விஷயத்தை அளந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? பெரும்பாலும் ஒரு வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்பார், வேறொருவரைக் கூப்பிடுவார், அல்லது தானே சொல்லிவிடுவார். மாணவர் பதில் சொன்ன பிறகும் அதே கதைதான். வாய் மூடுவதற்குள் "சரி, அடுத்து" என்று போய்விடுவார்.

அந்த இரண்டு இடைவெளிகளையும் மூன்று வினாடி அல்லது அதற்கு மேல் நீட்டிப் பார்த்தபோது பதில்கள் நீண்டன. "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன. யாரும் கூப்பிடாமலே பொருத்தமாகப் பேச வந்தவர்கள் கூடினார்கள். மாணவர்கள் தாங்களாகக் கேட்கும் கேள்விகள் அதிகமாயின. மந்தமானவர்கள் என்று ஆசிரியர்கள் நினைத்திருந்த பிள்ளைகளும் பங்கெடுக்கத் தொடங்கினார்கள்.

மூன்று வினாடி என்று எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. நாற்பது ஜோடிக் கண்கள் பார்க்க, மௌனமாக நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். முதல் சில நாள் கை பரபரக்கும். கேள்வியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். பதில் வந்த பிறகும் உடனே "கரெக்ட்" சொல்லிவிடாதீர்கள். அந்த இரண்டாவது இடைவெளியில்தான் இன்னொரு மாணவர் "அப்படி இல்ல மிஸ், ஆனா..." என்று தொடங்குவார். ஆசிரியரைப் பார்க்காமல் ஒருவர் பதிலுக்கு இன்னொருவர் பதில் சொல்வது, ஒரு வகுப்பில் முன்முயற்சி வேர்விட்டிருப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம்.

உதவி கேட்பதும் ஒரு திறமைதான்

தானாகச் செய்வது என்றால் யாரிடமும் எதையும் கேட்காமல் செய்வது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். சில பெற்றோரும்கூட. ஷேரன் நெல்சன்-லெ கால் என்ற ஆய்வாளர் 1980-களில் உதவி கேட்பதையே இரண்டாகப் பிரித்துக் காட்டினார். வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவதற்காகக் கேட்பது ஒன்று. மீதியைத் தானே செய்துகொள்வதற்காகக் கேட்பது இன்னொன்று. "விடை என்ன?" என்பது முதல் வகை. "மூணாவது வரி வரைக்கும் வந்துடுச்சு, இங்கே கழித்தல் குறி எப்படிக் கூட்டலாச்சுன்னு தெரியல" என்பது இரண்டாவது.

இரண்டாவது வகைக் கேள்வி தானாக வராது. அதற்கு வாக்கியம் கொடுத்துப் பழக்க வேண்டும். "புரியல" என்று வருகிறவரை விரட்டாமல், "எதுவரைக்கும் புரிஞ்சுது? அதை முதல்ல சொல்லு" என்று கேட்கலாம். சொல்லத் தொடங்கியவர்களில் சிலர் பாதியிலேயே "ஓ, சரி சரி" என்று திரும்பிப் போய்விடுவதைப் பார்ப்பீர்கள். மற்றவர்கள் சரியாக எந்த வரியில் தடுக்கியது என்று காட்டுவார்கள். ஒரு பருவம் இப்படிப் பழகினால் உங்களிடம் வருவதற்கு முன்பே அந்த வரியைத் தேடி வைத்துக்கொண்டு வருவார்கள்.

கூச்சப்படுகிறவர்களுக்கு நேரமும் இடமும் குறித்த திட்டம் உதவும். "சந்தேகம் வந்தால் கேட்பேன்" என்ற முடிவு காற்றில் போய்விடும். "கணக்கு வகுப்பு முடிந்து மணி அடித்ததும், பையை எடுப்பதற்கு முன்னால் ஆசிரியர் மேசைக்குப் போய் நோட்டைக் காட்டுவேன்" என்ற முடிவு நிற்கும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்து வருகிறார்: "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று சூழ்நிலையையும் செயலையும் முன்கூட்டியே இணைத்து வைத்தவர்கள், வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். பிள்ளையிடம் அந்த ஒரு வரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அவருடைய கையெழுத்திலேயே.

"யாராவது" என்றால் யாருமில்லை

"யாராவது அந்தப் புத்தகங்களை அடுக்கி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வெளியே போகிறார். திரும்பி வரும்போது புத்தகங்கள் அப்படியே கிடக்கின்றன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை என்று ஒரு பாட்டு விழும்.

இதில் காலத்தின் தவறு எதுவும் இல்லை. 1968-இல் பிப் லத்தானே, ஜான் டார்லி இருவரும் செய்த ஒரு சோதனையில், கல்லூரி மாணவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து புகை வரவிட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். மூன்று பேராக உட்கார வைத்தபோது, ஒருவராவது எழுந்து சொன்ன குழுக்கள் 38 சதவீதம்தான். புகையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அடுத்தவர் சும்மா இருக்கிறாரே என்று இவரும் சும்மா இருந்தார். புகைக்கே இந்தக் கதி என்றால் புத்தக அலமாரிக்கு யார் எழுந்திருப்பார்கள்?

அதனால் பொறுப்பைப் பெயரோடு கொடுங்கள், வேலையாகக் கொடுக்காமல் இடமாகக் கொடுங்கள். "இந்தப் புத்தகங்களை அடுக்கு" என்றால் அடுக்கியதும் முடிந்தது. "இந்த மாதம் அலமாரி உன் பொறுப்பு" என்றால் எதை எப்போது செய்ய வேண்டும் என்று அவனே பார்க்க வேண்டியிருக்கும். கிழிந்த அட்டை, திரும்பி வராத புத்தகம், யாரும் எடுக்காத மூலை எல்லாம் அவன் கண்ணில் படத் தொடங்கும். பொறுப்புகளை நன்றாகப் படிப்பவர்களுக்கே கொடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு வாய்ப்பு இருக்கிறது.

முதல் முயற்சி சொதப்பும்போது

சொதப்பத்தான் செய்யும். அப்போது நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தைத்தான் வகுப்பு முழுவதும் கவனித்துக்கொண்டிருக்கும்.

அந்த அலமாரிப் பையனையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எல்லாப் புத்தகங்களையும் அட்டை நிறத்தின்படி அடுக்கிவிட்டான். பார்க்க வானவில் மாதிரி இருக்கிறது. ஆனால் கதைப் புத்தகம், அகராதி, பயிற்சி நூல் எல்லாம் கலந்து கிடக்கின்றன. "யாரைக் கேட்டு இதைச் செய்தாய்?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள்.

"எதுக்காக மாத்தணும்னு தோணுச்சு?"

"எல்லாம் கலைஞ்சு கிடந்துச்சு சார். பார்க்கவே நல்லா இல்ல."

"ஆமா, நானும் பார்த்தேன். சரி, இப்ப ஒருத்தர் அகராதி கேட்டு வர்றார். எப்படித் தேடுவார்?"

அவன் அலமாரியைப் பார்க்கிறான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நிறம் தெரிஞ்சாத்தான் எடுக்க முடியும்..."

"என்ன பண்ணலாம்?"

"வகைவகையாப் பிரிச்சுட்டு, அதுக்குள்ள நிறப்படி வைக்கட்டுமா சார்?"

ஆசிரியர் இதில் தீர்வு எதையும் சொல்லவில்லை. அதே நேரத்தில் "சூப்பர், பிரமாதம்" என்று தப்பை மூடி மறைக்கவும் இல்லை. செய்தது பிழை என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது. செய்ய நினைத்தது சரி என்பதும் தெரிந்துவிட்டது. திருத்துகிற வேலையும் அவன் கையிலேயே நிற்கிறது. அவசரத்தில் நீங்களே பழையபடி அடுக்கிவிட்டால் நேரம் மிச்சமாகும், ஆனால் அந்த அலமாரி உங்களுடையதாகிவிடும்.

பிழையின் அளவைப் பார்த்துத்தான் இதெல்லாம். அடுத்தவருக்குக் காயம் படக்கூடிய விஷயம் என்றால் முதலில் நிறுத்த வேண்டும், கேள்வியெல்லாம் அப்புறம்.

நட்சத்திரமும் பேட்ஜும்

"இந்த வார முன்முயற்சியாளர்" என்று பேட்ஜ் குத்தலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்த பரிசு அப்படி எதையும் கெடுக்கவில்லை.

யாரும் சொல்லாமல் செய்வதுதான் முன்முயற்சி. அதற்கு முன்கூட்டியே விலை வைத்துவிட்டால், ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் ஓடி வந்து மேசையைத் துடைக்கும் நாலு பேர் கிடைப்பார்கள், அவ்வளவுதான். பாராட்ட வேண்டும் என்றால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "நீ நோட்டு எடுத்து வைத்ததால் அவள் நேற்றே பாடத்தைப் பிடித்துவிட்டாள்." தான் செய்ததால் என்ன ஆனது என்று தெரிந்துகொள்வதைவிடப் பெரிய சான்றிதழ் அந்த வயதில் தேவையில்லை.

கையை எப்போது எடுப்பது

1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை இணைத்துப் பிரமிடு கட்டுவதற்கு ஒரு பெரியவர் எப்படி உதவுகிறார் என்று கவனித்து, அந்த உதவிக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: கட்டடத்துக்குக் கட்டும் சாரம். கட்டடம் தானாக நிற்கும்வரை சாரம் வேண்டும்; நின்ற பிறகு பிரித்துவிட வேண்டும். கட்டுவதை எல்லோரும் செய்கிறோம். பிரிப்பதில்தான் தடுமாறுகிறோம்.

செயல்திட்ட வேலைக்கே திரும்புவோம். முதல் முறை இரண்டு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் நீங்கள் தருவதாகவே இருக்கட்டும். அடுத்த முறை தலைப்பும் வடிவமும் அவர்களுடையது, கால அட்டவணை உங்களுடையது. அதற்கடுத்து அட்டவணையையும் அவர்களே போட்டு உங்களிடம் ஒருமுறை காட்டட்டும். ஆறாம் வகுப்பில் எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று "இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. பிரிக்க வேண்டிய சாரத்தை அது ஒரேயடியாகத் தள்ளிவிடுவது. சிலர் சமாளித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் தங்களுக்கு இதெல்லாம் வராது என்று முடிவு செய்துவிடுவார்கள்.

வீட்டில்

பெற்றோருக்கு ஒரு சங்கடமான விஷயம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வந்துவிடுகிறது. அம்மா பார்த்துச் சொல்வார், அப்பா அச்செடுத்துத் தருவார். பிள்ளைக்கு வகுப்பில் குறித்துக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. மறதிக்காரப் பிள்ளை என்று நாம் சொல்வது பல வீடுகளில் நினைவில் வைத்துக்கொள்ள எதுவுமே விடப்படாத பிள்ளைதான்.

குழுவை விட்டு விலக வேண்டியதில்லை. செய்தியைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். "நாளைக்கு என்ன இருக்கு?" என்று மாலையில் பிள்ளையிடம் கேளுங்கள். தெரியாது என்றால், தெரிந்துகொள்ள யாரைக் கேட்கலாம் என்று கேளுங்கள். நோட்டை மறந்து போய்விட்டால் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். மருந்தும் கண்ணாடியும் வேறு விஷயம். ஆசிரியரிடம் பேச வேண்டிய பிரச்சினை என்றால் முதலில் பிள்ளை போய்ப் பேசட்டும். என்ன சொல்லப் போகிறாய் என்று வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். அது பலிக்காவிட்டால் நீங்கள் போகலாம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

சின்ன வயதிலிருந்தே இப்படிப் பழகாத பதினான்கு வயதுப் பிள்ளையிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் அது தண்டனை மாதிரித்தான் தெரியும். "இந்த மாதத்திலிருந்து பையைத் தயார் செய்வது உன் வேலை, நான் நினைவுபடுத்த மாட்டேன்" என்று ஒன்றை மட்டும் முன்பே சொல்லி ஒப்படையுங்கள். முதல் சில வாரம் மோசமாகத்தான் இருக்கும்.

இத்தனை செய்தும் சில பிள்ளைகள் அசையாமல் இருந்தால், குறிப்பாக முன்பு துறுதுறுவென்று இருந்த பிள்ளை திடீரென்று ஒதுங்கத் தொடங்கினால், முன்முயற்சிப் பயிற்சியையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு வேறு இடங்களில் பாருங்கள். கரும்பலகை தெரிகிறதா, பின்வரிசைக்குப் பேச்சு கேட்கிறதா, இரவில் தூங்குகிறானா, வகுப்பில் யாராவது சீண்டுகிறார்களா, வீட்டில் ஏதாவது நடக்கிறதா. எழுத்துகள் குழம்பும் வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைகள், சத்தமாகப் படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே எதற்கும் தலை தூக்காமல் இருப்பதுண்டு. இதையெல்லாம் பிள்ளையிடம் எல்லோர் முன்னாலும் கேட்டால் "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் வரும். தனியாக, வேறு ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள். அப்புறம் அந்த மூன்று வினாடியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருங்கள்.